விற்க மாட்டேன் என்பவரின் விலை

அரசு ஒருவருடைய நிலத்தை எடுத்துக்கொண்டால் நாம் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்போம். எதுக்கு எடுத்தாங்க? எவ்வளவு கொடுத்தாங்க? முதல் கேள்விக்கு ‘பொது நோக்கம்’ என்று அரசாணையில் பதில் இருக்கும். இரண்டாவதற்கு நிலமெடுப்பு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு கோப்பு இருக்கும். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் மூன்றாவதாக ஒன்று எனக்குள் சில வருடங்களாக உருண்டுகொண்டிருக்கிறது. வீட்டைவிட்டுப் போக வேண்டியவரின் முகத்தைப் பார்த்து என்ன காரணத்தைச் சொல்ல முடியும்? திட்டம் நல்லதாக இருக்கலாம், பணமும் போதுமானதாக இருக்கலாம். அப்போதும் அந்தக் காரணம் வாய்விட்டுச் சொல்ல முடியாததாக இருந்துவிடலாம்.

இதை யோசிக்க வைத்தது நம்மூர் வழக்கு இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற சிறிய துறைமுக நகரத்தில் தொடங்கி, 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு. சட்டம் படிப்பவர்கள் ‘கீலோ வழக்கு’ என்பார்கள்.

எனக்கு அது தெரியவந்தது வேலை வழியாக. ஹார்ட்ஃபோர்டு நகரம் காப்பீட்டு நிறுவனங்களால் ஆனது; மென்பொருள் வேலைக்காக அங்கே வந்து போகும் தமிழர்களுக்குக் கணக்கில்லை. நானும் இரண்டு வருடம் அங்கே வீட்டுக் காப்பீட்டுக்கான நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். வீடு எரிந்துபோனால் எவ்வளவு கொடுப்பது என்று கணக்கிடும் பகுதி என்னுடையது. ஒரே வீட்டுக்கு, அதேபோல இன்னொன்று கட்ட ஆகும் செலவு ஓர் எண்ணாக வரும்; தேய்மானம் கழித்த மதிப்பு இன்னொரு எண்ணாக வரும்; சந்தை விலை மூன்றாவதாக ஒன்று. மூன்றும் சரியான எண்கள்தான், எதற்காகக் கேட்கிறோம் என்பதுதான் வேறு. ‘வீட்டின் மதிப்பு’ என்று ஒன்று செங்கலோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை என்பது அந்த நிரலை எழுதும்போது எனக்கு உறைத்தது. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மதிய உணவு இடைவேளையில்தான், உள்ளூர்க்காரரான சக பணியாளர் ஒருவர் அந்த இளஞ்சிவப்பு வீட்டின் கதையைச் சொன்னார்.

கதையில் வில்லன்கள் யாரும் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூ லண்டன் நகர மன்றத்தில் இருந்தவர்கள் நிஜமாகவே நெருக்கடியில் இருந்தார்கள். 1990இல் மாநில அரசு அந்த ஊரை நலிவுற்ற நகராட்சி என்று அறிவித்திருந்தது. ஃபோர்ட் டிரம்பல் என்ற கடலோரப் பகுதியில் 1,500க்கும் மேற்பட்டோருக்கு வேலை கொடுத்துவந்த கடற்படை ஆய்வு மையத்தை 1996இல் மூடினார்கள். 1998இல் ஊரின் வேலையின்மை விகிதம் மாநிலச் சராசரியைப் போலக் கிட்டத்தட்ட இருமடங்கு. மக்கள்தொகை 24,000க்கும் கீழே இறங்கியிருந்தது. 1920க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. அமெரிக்க ஊர்களின் பள்ளிக்கூடமும் சாக்கடையும் பெரும்பாலும் வீட்டு வரியில் ஓடுபவை. வரி கட்டுபவர்கள் ஊரைவிட்டுப் போகப் போக, இருப்பவர்கள்மேல் வரி ஏறும். அதைத் தாங்காமல் இன்னும் சிலர் போவார்கள். இப்படி ஒரு சுழலுக்குள் மாட்டிக்கொண்ட ஊருக்கு 1998 பிப்ரவரியில் ஒரு செய்தி வருகிறது. ஃபைசர் மருந்து நிறுவனம், ஃபோர்ட் டிரம்பலை ஒட்டிய நிலத்தில் 30 கோடி டாலர் செலவில் ஆய்வுக்கூடம் கட்டப்போகிறது.

நகர மன்ற உறுப்பினராக நான் இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பேன்.

வருகிற நிறுவனத்தைச் சுற்றி ஊரையே திருத்தி அமைக்கலாம் என்று முடிவானது. 90 ஏக்கர், ஏழு துண்டுகள். தங்கும் விடுதி, கருத்தரங்கக் கூடம், அலுவலகங்கள், புதிய குடியிருப்புகள், படகுத்துறை, அருங்காட்சியகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் வரும் என்று கணக்கு. திட்டம் தீட்டும் பொறுப்பு நியூ லண்டன் மேம்பாட்டுக் கழகம் என்ற, லாப நோக்கமற்ற ஒரு தனியார் அமைப்பிடம் போனது. அதன் நிர்வாகிகளுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. 2000இல் நகர மன்றம் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததோடு, விற்க மறுப்பவர்களிடமிருந்து நகரத்தின் பெயரால் கட்டாயமாக நிலமெடுக்கும் அதிகாரத்தையும் அந்தக் கழகத்துக்கே கொடுத்துவிட்டது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் நம் வீட்டை எடுப்பது வேறு. அவர் அந்த அதிகாரத்தை இன்னொருவர் கையில் கொடுத்து அனுப்புவது வேறு. இந்த வேறுபாடு வழக்கின் சத்தத்தில் அமுங்கிப்போய்விட்டது என்று தோன்றுகிறது.

பெரும்பாலானவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். ஒன்பது பேர், பதினைந்து மனைகளுக்குச் சொந்தக்காரர்கள், மாட்டேன் என்றார்கள். அவர்களில் ஒருவர் சூசெட் கீலோ. 1997இல் தண்ணீரைப் பார்த்தபடி இருந்த பழைய வீடு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு இளஞ்சிவப்பு வண்ணம் பூசியிருந்தார். இன்னொருவர் 1918இல் அதே வீட்டில் பிறந்து, மணமாகி, கணவரோடும் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்த மூதாட்டி. 2000ஆம் ஆண்டு நவம்பரில், நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய தினம் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. தீபாவளிக்கு முதல் நாள் ஜப்தி நோட்டீஸ் ஒட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு மாவட்ட அளவில் பாதி வென்று பாதி தோற்று, மாநில உச்ச நீதிமன்றத்தில் 4க்கு 3 என்ற கணக்கில் தோற்று, 2005 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று தோற்றது. தனியார் சொத்தைப் பொதுப் பயன்பாட்டுக்காக, நியாயமான இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்கலாம் என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம். பொதுப் பயன்பாடு என்றால் பொதுமக்கள் கால் வைக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டுமா? பொருளாதார வளர்ச்சியும் ஒரு பொது நோக்கம்தான், கவனமாகத் தீட்டப்பட்ட திட்டம் இருந்தால் அது உள்ளூர் ஆட்சியின் முடிவு, நீதிமன்றம் குறுக்கே வராது என்று எழுதினார் நீதிபதி ஸ்டீவன்ஸ். மாநிலங்கள் விரும்பினால் தங்கள் சட்டத்தை இறுக்கிக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் வழக்கறிஞர்கள் கூட்டம் ஒன்றில், தான் சட்டமன்ற உறுப்பினராக இருந்திருந்தால் எதிர்த்திருக்கக்கூடிய முடிவு அது என்று அவரே பேசினார். சட்டத்தைத் தன் விருப்பத்திலிருந்து பிரித்துப் பார்க்கிற அந்த ஒழுக்கத்தை எனக்கு மதிக்கத் தோன்றுகிறது, தீர்ப்பு பிடிக்காவிட்டாலும்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். விடுதி வரவில்லை. கட்ட வேண்டிய நிறுவனத்துக்குப் பணம் புரளவில்லை. கீலோவின் வீட்டைப் பிரித்தெடுத்து 2008இல் ஊரின் வேறொரு தெருவில் மறுபடி நிறுத்தினார்கள். 2009 நவம்பரில் ஃபைசர் நியூ லண்டனைவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராட்டனுக்குப் போவதாக அறிவித்தது. அதற்குக் கொடுத்திருந்த பத்தாண்டு வரிச் சலுகை முடியவிருந்த நேரம் அது. 2011இல் ஐரீன் புயல் அடித்து ஓய்ந்தபோது, முறிந்த மரங்களையும் குப்பையையும் கொண்டுவந்து கொட்டுவதற்கு நகராட்சி ஒதுக்கிய இடம், மேம்பாட்டுக்காகக் காலி செய்த அந்த நிலம். நான் 2016இல் ஒரு சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பழைய கோட்டை அழகான பூங்காவாக இருந்தது. அதைச் சுற்றிப் புதர். தெரு இருந்தது, தெருவிளக்கு இருந்தது, நடைபாதைக் கல் புத்தம் புதிதாக இருந்தது. வீடுகள் மட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் இந்தக் கதையைச் சொல்லும் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். பார்த்தீர்களா, திட்டம் தோற்றுப்போனது, ஆகவே அநியாயம் என்று. எனக்கு அது போதவில்லை. 2010இல் ஒரு விருந்தில், மாநில உச்ச நீதிமன்றத்தில் நகரத்துக்குச் சாதகமாக ஓட்டளித்த நீதிபதி ரிச்சர்ட் பாமர் கீலோவைச் சந்தித்து வருத்தம் தெரிவித்தார். இதெல்லாம் தெரிந்திருந்தால் வேறு மாதிரித் தீர்ப்பளித்திருப்பேன் என்ற பொருளில் அவர் பேசியதாகச் செய்தி வெளியானது. பிறகு அவர் ஒரு விளக்கம் கொடுத்தார். தான் குறிப்பிட்டவை தீர்ப்புக்குப் பிறகு நடந்தவை, அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்க முடியாதவை என்று. அது மிகச் சரியான விளக்கம். திட்டம் தோற்றதால்தான் தவறு என்றால், திட்டம் வென்றிருந்தால் சரி என்று ஆகிவிடும். ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றியது நியாயமா இல்லையா என்பது பத்து வருடம் கழித்து ஒரு மருந்துக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரியவரும் என்றால், வெளியேற்றுகிற அன்றைக்கு யாரும் எதையும் நியாயமென்றோ அநியாயமென்றோ சொல்ல முடியாது.

திட்டம் வென்ற ஓர் ஊரையும் பார்க்கலாம். 1981இல் டெட்ராய்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைக்காகப் போல்டவுன் என்ற பகுதியை நகரம் காலி செய்தது. போலந்திலிருந்து குடியேறியவர்களும் கறுப்பினத்தவரும் கலந்து வாழ்ந்த இடம். நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தேவாலயத்துக்குள் உட்கார்ந்து போராடிய பாட்டிமார்களைக் காவல்துறை வந்து அப்புறப்படுத்தியது. தொழிற்சாலை வந்தது. வாக்களித்த ஆறாயிரம் வேலைகளும் வரவில்லை என்றாலும், பல ஆயிரம் குடும்பங்கள் அதில் சாப்பிட்டன. இன்றும் அங்கே மின்சார வண்டிகள் தயாராகின்றன. அன்று அதை அனுமதித்த மிச்சிகன் உச்ச நீதிமன்றமே 2004இல் வேறொரு வழக்கில், நாங்கள் அப்போது சொன்னது சட்டப்படி சரியில்லை என்று தன் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. தொழிற்சாலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஆக, வென்றதா தோற்றதா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு யோசிக்க முடியும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

அப்படியானால் பணமா? நியாயமான இழப்பீடு கொடுத்துவிட்டால் ஒருவருக்கு இழப்பு இல்லை, அவர் இருந்த இடத்திலேயே இருப்பதற்குச் சமம் என்ற வாதம் வலுவானதுபோலத் தெரியும். சந்தை விலை என்றால் என்ன? விற்க விரும்புபவர் ஒருவரும் வாங்க விரும்புபவர் ஒருவரும் உடன்படும் விலை. என் வீட்டை அந்த விலைக்கு விற்க நான் விரும்பியிருந்தால் ஏற்கெனவே விற்றிருப்பேன். நான் இன்னும் அதில் குடியிருக்கிறேன் என்பதே, எனக்கு அது சந்தை விலையைவிட அதிகம் என்பதற்கான சாட்சி. கட்டாயமாக எடுக்கப்படுபவர்கள் எப்போதும் இந்த ரகத்தைச் சேர்ந்தவர்கள்தான். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். சந்தை விலை என்ற அளவுகோல் யாருக்குப் பொருந்தாதோ, அவர்களைச் சலித்தெடுத்து அவர்களுக்கு மட்டுமே அந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறது நிலமெடுப்புச் சட்டம். நம் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. நூறு சதவீத ஆறுதல் தொகை, கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை இருமடங்கு வரை பெருக்கும் காரணி என்றெல்லாம் வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் எத்தனை மடங்கு என்ற கேள்விக்குள் அடங்காத ஒரு மிச்சம் இருக்கிறது. அது என்ன என்று எனக்குப் புரியவைத்தது என் ஆச்சி.

கயத்தாறு பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டித் தாத்தாவுக்கு ஒரு கடையும் அதன் பின்னால் வீடும் இருந்தன. நான்குவழிச் சாலை போட்டபோது கடை முழுதாகவும் வீட்டில் முன்கட்டும் போயின. மதிப்பீட்டுப் பட்டியல் வந்தது. ஓட்டுக் கொட்டகை ஒன்று, கிணறு ஒன்று, வேம்பு ஒன்று, புளி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. தாத்தா அந்தத் தொகைக்காக மூன்று வருடம் அலைந்தார். எனக்கு அப்போது கோபம் கோபமாக வரும். ஆச்சிக்குப் புளியமரம் போனதில்தான் வருத்தமே தவிர, சாலைமேல் கோபம் இல்லை. “ரோடு நம்ம வீட்டப் பாத்தா வருது? அது மதுரையப் பாத்துல்லா போவுது” என்றாள்.

அந்தப் பேச்சை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கீலோ வழக்கைப் படித்த பிறகு அதை நிறைய நினைத்துக்கொண்டேன். சாலைக்கு எங்கள் வீட்டின்மேல் எந்த அபிப்பிராயமும் கிடையாது. அங்கே பண்ணையார் வீடு இருந்தாலும் அதே கோடுதான் போயிருக்கும் (போகாமல் வளைந்த கோடுகளின் கதை எல்லா ஊரிலும் உண்டு, அது ஊழலின் கதை, சாலையின் கதை அல்ல). நீ யார் என்பது காரணத்துக்குள் வரவில்லை. நியூ லண்டனில் சொல்லப்பட்ட காரணத்தைப் பச்சையாகப் பெயர்த்தால் இப்படி வரும்: உன் வீட்டில் ஒரு குறையும் இல்லை, நீ வரியும் ஒழுங்காகக் கட்டுகிறாய், ஆனால் இதே மண்ணில் உன்னைவிட அதிகம் கட்டக்கூடியவர் ஒருவர் கிடைத்திருக்கிறார். அந்த வீடுகள் பாழடைந்தவை என்று நகரமே வாதிடவில்லை. அங்கே காரணமே ஓர் ஒப்பீடு. ஆளுக்கு ஆள் தராசில் வைத்துப் பார்த்து, நீ எடை குறைவு என்பது. இழப்பீட்டை எத்தனை மடங்கு உயர்த்தினாலும் இந்த வாக்கியம் மாறாது. தொகைதான் மாறும்.

உச்ச நீதிமன்றத்தில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் கிட்டத்தட்ட இதைத்தான் அஞ்சினார். எந்தச் சொத்தையும் இன்னும் அதிகப் பயன் தரும் ஒருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்றால், சாதாரண விடுதியை நட்சத்திர விடுதியாகவும் வயலைத் தொழிற்சாலையாகவும் மாற்றுவதைத் தடுக்க எதுவும் மிஞ்சாது என்றார். தனியாக எழுதிய நீதிபதி தாமஸ் இன்னும் கசப்பான ஒன்றை நினைவுபடுத்தினார். இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட 1954ஆம் ஆண்டு வழக்கில், வாஷிங்டனின் ‘சேரி அகற்றல்’ திட்டத்தால் வெளியேற்றப்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் கறுப்பின மக்கள். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது எப்போதும் முன்கூட்டியே தெரிந்த விஷயம் என்கிறார் அவர்.

இங்கே அவசரப்பட்டு, ‘தனியாரிடமிருந்து எடுத்துத் தனியாருக்குக் கொடுப்பதே கூடாது’ என்று ஒரு கோடு போடலாம். பலர் போட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கீலோவுக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தின. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிற எனக்கு அந்தக் கோடு ஒத்துவராது. 1971இல் நம் சட்டமன்றம் குடியிருப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மிராசுதாரர் நிலத்தில் குடிசை போட்டுத் தலைமுறையாக வாழ்ந்துவந்த விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம். ‘நாளைக்கே காலி பண்ணு’ என்று சொல்லக்கூடியவனிடம் கூலி உயர்வு கேட்க முடியாது. தஞ்சை மாவட்டத்து வயல்களில் வேலை செய்தவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அது தனியாரிடமிருந்து தனியாருக்குத்தான் போனது. ஹவாயிலும் இதே கதை. அங்கே 1960களில் அரசுகளிடம் இருந்த நிலம் போக மீதியில் ஏறத்தாழ எல்லாமே, மாநிலத்தின் 47 சதவீதம், வெறும் 72 பேர் கையில் இருந்தது. குத்தகைதாரர்களுக்கு அந்த மனைகளை மாற்றிக்கொடுக்கும் சட்டத்தை 1984இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஏற்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் அதே ஓ’கானர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று 2005இல் அவரை எல்லோரும் கேட்டார்கள். ஹவாயில் சொத்து இருந்த விதமே சமூகத்துக்குக் கேடு செய்துகொண்டிருந்தது, கீலோவின் வீடு யாருக்கும் எந்தக் கேடும் செய்யவில்லை என்பது அவர் பதில்.

என் கேள்வியை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறேன். மிராசுதாரரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இவர் இங்கே பிறந்தவர், இவர் அப்பா இங்கே பிறந்தவர், உன் மண்ணில் நிற்பதாலேயே இவர் வாய் கட்டப்பட்டிருக்கிறது. அவர் கோபப்படுவார், ஒத்துக்கொள்ள மாட்டார், வழக்குப் போடுவார். ஆனால் அந்தக் காரணம் அவர் செய்கிற ஒன்றைப் பற்றியது, அவர் பதில் சொல்லக்கூடியது. கீலோ என்ன பதில் சொல்ல முடியும்? நான் பணக்காரி ஆகிவிடுகிறேன் என்றா?

நகர மன்றத்தின் தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பதை நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. ‘ஒன்பது பேருடைய முகத்தைப் பார்க்கச் சொல்கிறாய். கடற்படை மையம் மூடியதில் வேலை போனவனின் முகத்தை யார் பார்ப்பது? அவன் பெயர் எந்த வழக்கிலும் இல்லை. பொறியாளனுக்குக் கணக்கு தெரிய வேண்டாமா?’ இது லேசில் தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை. வேலை இல்லாதவனின் துயரம் வீடு இழந்தவரின் துயரத்தைவிடக் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை. வழக்குகளும் திரைப்படங்களும் பெயருள்ளவர்களை நோக்கித்தான் சாயும் என்பதும் உண்மை.

கணக்கு என்று வந்துவிட்டதால் கணக்காகவே சொல்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு சிக்கலுக்கு உகந்த தீர்வு தேடும்போது, எதை அதிகப்படுத்த வேண்டும் என்பதை ஒரு பக்கமும், எதை மீறக் கூடாது என்பதைத் தனியாக இன்னொரு பக்கமும் எழுதிக்கொள்வோம். மீறக் கூடாததை எடுத்து ஒரு செலவாக மாற்றி முதல் பக்கத்தில் சேர்த்துவிட்டால், கணினி தயங்காமல் அதை மீறும்; போதுமான லாபம் கிடைத்தால் போதும். நியூ லண்டன் செய்தது அதுதான். அதையாவது இரு பக்கமும் சமமாகச் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஒன்பது பேர் இழந்தது உறுதியான இழப்பு, சட்டத்தின் பலத்தோடு, தேதி குறித்து. வேலையற்றவனுக்குக் கிடைக்கவிருந்ததோ ஓர் எதிர்பார்ப்பு. அந்த ஆயிரம் வேலைகளை உருவாக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. நிலத்தை ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்கு, 99 வருடக் குத்தகைக்குக் கட்டுமான நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு சாதாரண மென்பொருள் ஒப்பந்தத்தில்கூட, சொன்ன தேதியில் கொடுக்காவிட்டால் அபராதம் என்று ஒரு பத்தி இருக்கும். வேலையற்றவனின் பெயரால் அண்டை வீட்டுக்காரரை வெளியேற்றினார்கள், அவனுக்கும் எழுத்தில் எதையும் கொடுக்கவில்லை. அவனுக்காகத்தான் செய்தோம் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஃபோர்ட் டிரம்பலில் எல்லாக் கட்டடமும் இடிபடவில்லை. உள்ளூர் அரசியல்வாதிகள் வந்துபோகும் இத்தாலிய சமூக மன்றம் ஒன்று திட்டப் பகுதிக்குள்ளேயே இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்த மன்றம் நிற்பதால் திட்டம் கெட்டுவிடவில்லை. அதாவது அந்த 90 ஏக்கருக்குள் ஒரு பழைய கட்டடம் அப்படியே இருக்க முடியும். அப்படியானால் இந்தக் குறிப்பிட்ட வீடு ஏன் இருக்க முடியாது என்ற கேள்வியைக் கீலோ கேட்டால், ‘கோடு மதுரையைப் பார்த்துப் போகிறது’ என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

நம் 2013 சட்டத்தை நான் ஒரு விதத்தில், காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வைக்கும் ஏற்பாடு என்றுதான் படிக்கிறேன். தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம், பொது-தனியார் கூட்டுத் திட்டமென்றால் 70 சதவீதம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் சமூகத் தாக்க மதிப்பீடு. அதில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. இது உண்மையிலேயே பொது நோக்கமா? கேட்கும் நிலம் குறைந்தபட்சத் தேவைதானா? வேறு இடம் பார்த்தீர்களா, அது ஏன் சரிப்படாது? இதற்கெல்லாம் பதிலை ஊராட்சியோடு கலந்து, பாதிக்கப்படும் பகுதியிலேயே பொது விசாரணை வைத்து, அந்த மக்கள் எதிரில் சொல்ல வேண்டும். ஏன் இந்த வீடு என்ற கேள்விக்கு நியூ லண்டனில் இடமே இருக்கவில்லை. இங்கே சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் தமிழ்நாடு அதிலிருந்து தனக்கு விலக்கு எழுதிக்கொண்டது. 1997ஆம் ஆண்டின் தொழிற்பயன்பாட்டு நிலமெடுப்புச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கான 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் மத்தியச் சட்டம் பொருந்தாது என்று ஒரு திருத்தம். இழப்பீடு மட்டும் புதிய கணக்குப்படி. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்து மூன்றையும் உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த விலக்கைக் கைவிடும் பேச்சு எழவில்லை. பணம் அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறோம், காரணம் சொல்லத்தான் தயாராக இல்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆட்சேபனை தெரிவிக்க நோட்டீஸ் உண்டு, விசாரணை உண்டு. ஆனால் அங்கே காரணத்தைச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர், தான் ஏன் போகக் கூடாது என்று.

பரந்தூரில் விமான நிலையம் வரப்போவதாக 2022இல் அறிவித்த பிறகு, ஏகனாபுரம் கிராம சபை கூடியபோதெல்லாம் எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. விமான நிலையம் ஆச்சியின் சாலையைப் போன்றதா, நியூ லண்டனின் விடுதியைப் போன்றதா? ஓடுபாதை எங்காவது தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும், அந்த அளவில் அது சாலைதான் என்று நான் நினைக்கிறேன். ஏன் இந்த ஏரிகளும் வயல்களும், ஏன் இவ்வளவு ஏக்கர், வேறு எந்த இடம் பார்க்கப்பட்டு எதனால் விடப்பட்டது என்பதற்கு நல்ல பதில்கள் இருக்கவும் கூடும். அந்தப் பதில்களை அதிகாரி ஒருவர் ஏகனாபுரத்தில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர்களைப் பார்த்துப் படித்துக் காட்ட வேண்டிய கட்டாயத்தைத்தான் 1997 சட்டத்தின் வழி போவதால் அரசு தவிர்த்துக்கொள்கிறது. கிராம சபையின் தீர்மானப் புத்தகத்தில் ஊர் தன் காரணத்தை எழுதி வைத்திருக்கிறது. எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது.